டயர் வெடிப்பது சாலையின் குற்றமா?

மும்பை–நாக்பூர் சமிருத்தி நெடுஞ்சாலை, 2025 ஜூனில் 701 கிலோமீட்டரும் முழுமையாகத் திறக்கப்பட்டது. கார்களுக்கு வேக வரம்பு 120 கிலோமீட்டர். ஷீரடிக்குக் குடும்பத்தோடு புறப்படும் மும்பைத் தமிழர்கள் பலரும் இன்று இந்தச் சாலையைத்தான் நாடுகிறார்கள். கோடை வந்தால் "கான்கிரீட் சூட்டில் டயர் வெடிக்கிறது" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

2023 ஜூலை 1-ம் தேதி புல்டாணா மாவட்டத்தில் தனியார் பஸ் தீப்பிடித்து 25 பேர் மாண்டபோதும், டயர் வெடித்ததாகவே டிரைவர் கூறினார். போக்குவரத்துத் துறை ஆய்வில் அதற்கான அடையாளம் தென்படவில்லை. ஆகவே எல்லா விபத்துக்கும் டயரைக் கைகாட்டுவது சரியல்ல. ஆயினும் தேய்ந்த டயருடன் வந்த வண்டிகளை அதே ஆண்டு அதிகாரிகள் நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சாலை சூடாக இருப்பது உண்மைதான். ஆனால் பெருந்தீங்கு செய்வது குறைந்த காற்று. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதில் பிறக்கும் சூடு, மணிக்கணக்கில் நிற்காத வேக ஓட்டத்தில் ஏறிக்கொண்டே போய் உள்நூலை இற்றுப்போகச் செய்கிறது. நகரத்துக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் இது தெரிவதே இல்லை.

இதை அறியாமல், "வெயில் காலம், காற்றைக் குறைத்து வை" என்று யோசனை சொல்பவர்கள் ஏராளம். கெடுதலான யோசனை! சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பவுண்டு ஏறும். டயர் அதைத் தாங்கும்படியே தயாராகிறது. காலையில் 33 பவுண்டு அடைத்த டயர், ஓடியபின் 37 காட்டலாம். பயந்துபோய் நான்கு பவுண்டை இறக்கினால், மறுநாள் காலை இருப்பது 29 தான். அதோடு திரும்புகாலில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும்!

சரியான அளவு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளது. முழுப் பாரத்துக்கு என்று அதில் தனி அளவும் இருக்கும். பின்சக்கரங்களுக்குப் பெரும்பாலும் கூடுதல். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பதோ உச்ச வரம்பு. அதைப் பார்த்து அடைப்பது தவறு. நைட்ரஜனுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. ஆனால் அங்குள்ள மீட்டர் எப்போதும் சரியாகக் காட்டும் என்று சொல்வதற்கில்லை. சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி, வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆன பிறகு பார்ப்பது நல்லது. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.