கார்டிசால் மேல் ஏன் இந்தப் பழி?

தொப்பை விழுந்தால் கார்டிசால். ராத்திரி தூக்கம் வராவிட்டால் கார்டிசால். கண்ணாடியில் முகம் உப்பித் தெரிந்தால் அதற்கும் கார்டிசால்தான். சிட்னி வெஸ்ட்மீடிலிருந்து மெல்பன் டாண்டனாங் வரை நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்று இந்த ஒரு ஹார்மோன்தான் சகல குற்றங்களுக்கும் பொறுப்பு. "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் உடம்பில் ஊறும் விஷம், அதை இறக்கியே ஆகணும்" என்று ஆரம்பிக்கும் காணொளி, கொஞ்ச நேரத்தில் ஒரு சூரண டப்பாவில் வந்து முடிகிறது. விஷம் என்பது பொய். டப்பா விற்பது அந்தப் பொய்யின் தயவில்.

இவர்கள் சாட்சிக்கு இழுத்துவரும் பிராணி ஒன்று உண்டு: ஆன்டிகைனஸ். பார்த்தால் சுண்டெலி மாதிரி இருக்கும். எலியல்ல, கங்காருவுக்குச் சொந்தமான பைப்பாலூட்டி. கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் குளிர்காலத்தின் கடைசியில் இரண்டு மூன்று வாரம் அதற்கு இணைசேரும் காலம். ஆண் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, தீனியை மறந்து, மணிக்கணக்கில் இணைசேர்ந்து, ஒரு வயது நிறைவதற்குள் செத்துப்போகும். ஒன்றிரண்டு அல்ல, அந்தக் காட்டு ஆண்கள் அத்தனையும். சாகும் தறுவாயில் ரத்தத்தில் கார்டிசால் எக்கச்சக்கம். "பார்த்தீர்களா, ஸ்ட்ரெஸ் கொன்றுவிட்டது" என்கிறார்கள்.

மெல்பன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் லீ, பிராட்லி, மெக்டொனால்ட் ஆகியோர் 1970-களில் இந்தச் சாவைத் துருவி ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது வேறு கதை. ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் பெரும்பங்கு ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். ஒட்டாத மிச்சம்தான் செல்லுக்குள் புகுந்து மரபணுக்களை முடுக்கிவிடும். பருவம் வந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. "போதும், நிறுத்து" என்று மூளை போடும் தடையும் செல்லாமல் போகிறது. இரண்டும் சேர்ந்ததில் எதிர்ப்புசக்தி சரிந்து, வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்து, ஒட்டுண்ணியும் கிருமியும் பெருகிச் சாகிறது. அதே ஆணைப் பருவத்துக்கு முன்பே பிடித்துக் கூண்டில் தனியாக வைத்தால் பிழைத்துக்கொள்கிறது. விதையை நீக்கினாலும் பிழைக்கிறது. கார்டிசால் பெண்ணுக்கும்தான் சுரக்கிறது. அது குட்டிபோட்டுப் பால் கொடுக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த வாரங்களில் ஆண் சரியாகத் தின்னாமலே ஓடியாட முடிவது, தசையைக் கரைத்துக் குளுக்கோஸாக்கித் தரும் இதே கார்டிசாலால். பிரேக் அறுந்த வண்டி மோதியதற்கு பெட்ரோலைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது இவர்கள் வாதம்.

வீட்டுக் கடனும் இரவு ஷிஃப்டுமாகத் திண்டாடும் சிட்னி பாரமாட்டாவாசிக்கு அந்தப் பிரேக் அறுந்துவிடவில்லை. கார்டிசால் உண்மையிலேயே மிதமிஞ்சிப்போவதற்கு குஷிங் நோய்க்குறி என்று பெயர், அபூர்வமானது, ஆளைக் கவிழ்த்துவிடக் கூடியது. அதைக் கண்டுபிடிக்க முறையான பரிசோதனைகள் உண்டு, செல்ஃபியில் தெரியும் கன்னத்தை வைத்து அல்ல. போதாக்குறைக்கு, கார்டிசால் விடியற்காலையில் ஏறி நடுநிசியில் இறங்கும் சரக்கு. எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்று சொல்லாமல் "எனக்குக் கார்டிசால் ஹை" என்பதில் அர்த்தமே இல்லை. அது சுரக்காமலே போனால்? 1855-ல் தாமஸ் அடிசன் விவரித்த நோய் அதுதான். அந்த நோயாளிகள் இன்று தினமும் இதே கார்டிசாலை மாத்திரையாக விழுங்கி உயிர்வாழ்கிறார்கள்.

வேடிக்கை சூரண டப்பாவுக்குள் இருக்கிறது. கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி "களைத்துவிட்டது" என்று சொல்லி விற்கும் கலவைகளில் அதிமதுரம் அடிக்கடி இருக்கும். நம் பாட்டிமார் இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன அதே வேர்தான். அட்ரினல் களைப்பு என்றொரு நோயை ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்கவே இல்லை, அது கிடக்கட்டும். நம் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பி ஒன்று உண்டு. அது ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோனுக்கானது. ஆனால் கார்டிசாலும் அதில் அதே பலத்தோடு ஒட்டும். அளவிலோ பல மடங்கு அதிகம். பின் எப்படி நமக்கெல்லாம் உப்பு தேங்கி ரத்தக் கொதிப்பு ஏறாமல் இருக்கிறது? மெல்பனில் ஜான் ஃபண்டர் குழுவும் எடின்பரோவில் இன்னொரு குழுவும் எலிச் சிறுநீரகங்களை வைத்து 1988-ல் விடை சொன்னார்கள். வாசலிலேயே ஒரு நொதி நின்று, வரும் கார்டிசாலை அந்த ஏற்பியில் ஒட்டாத கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியை முடக்கும் பொருள் எது தெரியுமா? அதிமதுரத்தில் இருப்பது. தினமும் மிகுதியாகத் தின்றால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும். கார்டிசாலுக்குப் பயந்து டப்பா வாங்கியவருக்கு, கார்டிசாலின் கடிவாளத்தையே கழற்றிவிடும் சாமானைக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

பணம் போவதோடு முடிந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஆஸ்துமாவுக்குத் தினமும் இழுக்கும் தடுப்பு பஃபரில் இருப்பது கார்டிசால் குடும்பத்து ஸ்டீராய்டுதான். மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்குவது அதன் வேலை. 2016 நவம்பர் 21 மாலை மெல்பனில் இடிமழையோடு புல் மகரந்தம் நொறுங்கிக் காற்றில் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்; 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகம். பஃபரை விட்டதால்தான் செத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தனக்கு ஆஸ்துமா இருப்பதே தெரியாதவர்களும் அன்று மாட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் அதே புல் அங்கே பூக்கிறது. "அது ஸ்டீராய்டு, பிள்ளைக்குக் கொடுக்காதீங்க, கார்டிசால் மாதிரி விஷம்" என்று குழுவில் ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கும்பிடு போடும் கைகள் விழுகின்றன. அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும் ராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடப்போவது அந்தக் கும்பிடு போட்டவர்கள் இல்லை.