பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும், விரல் வருமா?

கம்பி கட்டிய பெரிய பியானோவை உப்புக் காற்றடிக்கும் எங்கள் கடலோரத்தில் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். கம்பி துருப்பிடிக்கும், மழைக் காலத்தில் மரம் ஊதும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஆள் வந்து சுருதி கூட்டணும். ஆரோவில்லிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை, பிள்ளைக்குப் பியானோ கற்றுத்தர ஆசைப்படுகிறவர்களுக்கு டிஜிட்டல் பியானோதான் தோது. அதில் கம்பியே கிடையாது. பெரிய பியானோவின் ஸ்வரங்களை முன்கூட்டியே பதிவு செய்து உள்ளே வைத்திருப்பார்கள். கட்டையைத் தொட்டால் அந்த ஒலி வரும்.

கூடவே முழுப் பாட்டுகளும் இருக்கும். வம்பே அங்கேதான்! விருந்தாளி வந்ததும் பிள்ளை டெமோ பொத்தானைத் தட்டிவிட்டு விரலைச் சும்மா ஓட்டும். "அம்மாடி, என்னமா வாசிக்கிறது!" என்று மாமி மெச்சிவிட்டுப் போவார். அப்புறம் அது எதற்கு உட்கார்ந்து சாதகம் பண்ணப் போகிறது? ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி வாங்கிய வாத்தியம் ரேடியோப் பெட்டியாகிவிடும்.

அதே வசதியை வாத்தியாராகவும் ஆக்கலாம், சகோதரிகளே. பல பியானோக்களில் பாடத்தின் வலது கையும் இடது கையும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். வலது கையை நிறுத்திவிட்டால் இடது கையைப் பியானோ வாசிக்கும்; குழந்தை வலது கையைச் சேர்த்துக்கொள்ளலாம். டெம்போவைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள். நூறு தடவை கேட்டாலும் அது முகம் சுளிக்காது.

இனி, குழந்தை வாசிப்பதைப் பதிவு செய்வது. இதில் இரண்டு வகை. மிடி என்பது 1983-ல் பல கம்பெனிகள் சேர்ந்து வகுத்த ஏற்பாடு. அது ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு விசையாக அழுத்தினோம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிறது. கோல நோட்டில் "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று எழுதி வைக்கிறோமே, அதுமாதிரி. நோட்டைப் பார்த்துப் பெரிதாகவும் போடலாம், சிறிதாகவும் போடலாம். அதனால் மிடி பதிவை மெதுவாக ஓட்டினாலும் சுருதி இறங்காது. ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண்ணுக்கு ஏற்றபடி சுருதியையும் மாற்றலாம்.

ஆடியோ பதிவு, போட்ட கோலத்தைப் போட்டோ எடுப்பது. வேவ் என்ற வகையானால் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும். ஆனால் துபாயிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்ப அதுதான் சரி. விலை குறைந்த பியானோ பலவற்றில் ஆடியோ பதிவே கிடையாது, சிலவற்றில் எம்.பி.3 பாட்டு ஓடாது. கடையிலேயே பென் டிரைவைச் சொருகிப் பார்த்து வாங்குங்கள். ஒன்று ஞாபகம், பியானோ ஃபார்மட் செய்யச் சொன்னால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாணப் படம் இருக்கிற டிரைவைக் கொண்டுபோகாதீர்கள்!

பதிவை முதலில் பிள்ளை தனியாகக் கேட்கட்டும். "இந்த இடத்தில் தடுக்குது பாரு" என்று நாம் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். பியானோ சொன்னால் வராது. சித்தி, அத்தைக்கெல்லாம் போட்டுக் காட்டுவது அதற்கு இஷ்டமிருந்தால் மட்டுமே.

பதிவான ஒலி மட்டுமே கேட்டு வளரும் காதுக்கு நிஜ அதிர்வும் தெரியணும். ஆரோவில் பக்கம் வந்தால் கோட்டக்கரையில் 'ஸ்வரம்' என்ற இடத்தில் 2003-லிருந்து மரத்திலும் உலோகத்திலும் வாத்தியங்கள் செய்கிறார்கள். குழந்தையைக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹெட்போன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேணும். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்கிற அளவு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்வரைதான். பல பியானோவில் பென் டிரைவ் பாட்டின் சத்தத்துக்குத் தனிக் கணக்கு. திடீரென்று காதில் அலறும். முதலில் ஸ்பீக்கரில் போட்டுக் குறைத்த பிறகே காதில் மாட்டணும். பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டும் திரும்பவில்லையா? சத்தம் ஜாஸ்தி.

வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். பென் டிரைவ் சொருகும் துவாரத்தில் உப்பு ஈரம் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். கட்டைகளை நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.