பற்றுச்சீட்டு இல்லாத பயணங்கள்

கடந்த மாதம் ஒரு காலைப் பொழுதில் உன்னிச்சைக்குச் சென்றிருந்தேன். மட்டக்களப்பு நகரை விட்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அங்கிருந்து ஆயித்தியமலையைத் தாண்டினால் உன்னிச்சை. பொழுது எழும் கரையை எழுவான்கரை என்றும் பொழுது படும் கரையைப் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் வகுத்துவைத்த கணக்கில், இது படுவான்கரையின் உட்புறம். நகரத்துக் குழாய்களில் வரும் நீர் உன்னிச்சைக் குளத்து நீர் என்பது நகரவாசிகள் பலருக்கு நினைவிருப்பதில்லை. அங்கிருந்து இங்கே நீர் வருவது சுலபமாகிவிட்டது. இங்கிருந்து அங்கே மனிதர் போய்வருவதுதான் இன்னமும் சிரமம். அந்தப் போய்வரும் செலவைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

என்னை அழைத்துச் சென்றவன் என் மருமகன். கணினி படித்தவன். படுவான்கரைக் கிராமங்களில் முன்பள்ளிகளைக் கவனிக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்திற்கு, அதன் களப் பணியாளர்களின் பயணச் செலவைப் பதிந்து மீளளிப்பதற்காக ஓர் எளிய மென்பொருளை எழுதியிருந்தான். திகதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பயணத்தின் நோக்கம், வாகனம், தொகை, இவ்வளவுதான். பணியாளர் கைத்தொலைபேசியில் நிரப்பி அனுப்பினால், பொறுப்பாளர் பார்த்து அனுமதிப்பார், கணக்காளர் பணத்தை அனுப்புவார். பெரிய வித்தை எதுவும் இல்லை. நல்ல கருவிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

அதைப் பரீட்சித்துப் பார்க்க அமர்ந்த பெண் பணியாளர் முதற் பயணத்தைப் பதிந்தார். அவர் போன முன்பள்ளிக்கு பஸ் கிடையாது. பாதித் தூரம் ஓட்டோ, மீதித் தூரம் வயலுக்குப் போன ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டி. தொகையை எழுதி அனுப்ப முயன்றபோது திரை சிவந்தது: “பற்றுச்சீட்டு இணைக்கப்படவில்லை. ஏற்க முடியாது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். “சேர், மெசின்காரரிட்டப் போய் துண்டு கேட்டா, என்னைப் பார்த்துச் சிரிப்பாரு” என்றார்.

மருமகன் என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பொய் நினைவுக்கு வந்தது.

1990களின் நடுப்பகுதி. நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். வாவியைக் கடக்க வேண்டுமானால், ‘பாதை’ என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகுதான் பல இடங்களில் துணை. மண்முனைத் துறைக்குப் பாலம் வந்ததே 2014இல்தான். சோதனைச்சாவடியில் காத்து, பாதையில் ஏறி, மறுகரையில் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு செய்தி சேகரித்துத் திரும்பினேன். என் கையிலிருந்து போன பணம், அந்தக் காலத்துச் சம்பளத்தில் கணிசமான பகுதி. கணக்குப் பகுதியில் கேட்டது ஒரே கேள்வி: “பற்றுச்சீட்டு எங்கே?” பாதைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவில்லை. உழவு இயந்திரத்தின் சாரதியும் தரவில்லை. கொடுத்தது உண்மை, எழுதிய கணக்கு உண்மை, ஆயினும் அது ஏற்கப்படவில்லை.

அனுபவமுள்ள ஒரு மூத்த நிருபர் வழி காட்டினார். பஸ் நிலையத்தருகே ஒரு சாப்பாட்டுக்கடையில் வெறும் பற்றுச்சீட்டுகள் இரண்டை வாங்கிக்கொண்டேன். நான் உண்ணாத சோற்றுக்கும் குடிக்காத தேநீருக்கும் கணக்கு எழுதினேன். கூட்டினால் ஏறத்தாழ நான் உண்மையிற் செலவழித்த தொகை வந்தது. ஒரு மாதத்தின் பின்னர் பணமும் வந்தது. உண்மைக் கணக்கைத் திருப்பி அனுப்பிய அலுவலகம், பொய்க் கணக்கை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது!

மற்றவர்களின் ஊழலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய கை இது. அதனால்தான் இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு சதமும் நான் கூடுதலாக எடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பொய் எழுதும் பழக்கத்திற்கு அங்கே எனக்கு முதற் பாடம் கிடைத்தது என்பதும் உண்மை. வேறு பலர் அந்தப் பாடத்தோடு நின்றுவிடவில்லை. உண்ணாத ஒரு சோறு எழுத முடியுமென்றால், இரண்டு எழுதுவதை யார் தடுப்பது?

“பற்றுச்சீட்டு கேட்காவிட்டால் எல்லோரும் ஏமாற்றுவார்கள்” என்பது கணக்காளர்களின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொதுப்பணத்தைக் கையாளுபவர் சான்று கேட்பது அவர் கடமை. ஆனால் சான்று என்பது வேறு, கடதாசி என்பது வேறு.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் டெலிகிராப் பத்திரிகை, பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை அம்பலப்படுத்தியதை நினைவில் வைத்திருப்பீர்கள். ஓர் உறுப்பினர் தம் வீட்டுக் குளத்தில் வாத்துகள் தங்குவதற்கான மிதக்கும் கூட்டுக்கு 1,645 பவுண் கேட்டிருந்தார். அது போலிக் கணக்கன்று. கூடு இருந்தது, வாத்துகளும் இருந்தன. (அந்தத் தொகை அவருக்கு வழங்கப்படவில்லை என்பது வேறு விடயம்.) ஒழுங்கான பத்திரங்களோடு கேட்டு, ஒழுங்காக அனுமதி பெற்ற செலவுகள்தாம் அங்கே பலரின் பதவியைப் பறித்தன. சபாநாயகரே விலக நேர்ந்தது. அதன் பின்னர் அந்நாடு கண்ட மருந்து, மேலும் கூடுதலான கடதாசி மட்டுமன்று. சுயாதீனமான ஓர் அதிகாரசபையை அமைத்து, உறுப்பினர்கள் கேட்கும் செலவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கினார்கள். பலர் பார்க்கிறார்கள் என்ற நினைவு, கோப்பில் குத்திய பத்துச் சீட்டுகளை விடப் பலமான காவல்.

பயணச் செலவுக்கென மென்பொருள் எழுதுவது உலகில் இன்று பெரிய வணிகம். 1993இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கொன்கர் நிறுவனத்தை, 2014இல் ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் எட்டு பில்லியன் டொலருக்கும் மேலான தொகைக்கு வாங்கியது. தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்திலும் அலுவலகம் நடத்தும் சோகோ நிறுவனமும் இத்தகைய ஒரு மென்பொருளை விற்கிறது. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. விமானச் சீட்டும் விடுதிக் கட்டணமும் கடனட்டையில் போகும் உலகுக்கு அவை பொருந்துகின்றன. அங்கே பற்றுச்சீட்டு தானாகவே பிறக்கிறது. உன்னிச்சையில் பணம் கைமாறும்போது பிறப்பது ஒரு புன்னகை மட்டுமே. அந்த உலகத்தின் சட்டையை அளவெடுக்காமல் இந்த உலகத்திற்கு மாட்டினால், என் மருமகனின் திரை போலத்தான் சிவந்து நிற்கும்.

எங்கள் அரச சேவைக்கு இது புதிய பிரச்சினையன்று. தாபன விதிக்கோவையில் 14ஆம் அத்தியாயம் முழுவதும் பிரயாணச் செலவைப் பற்றியதே. வெளிக்கள உத்தியோகத்தர் மாதத்திற்கு முன்கூட்டிய நிகழ்ச்சித் திட்டமும், மாத முடிவில் நாட்குறிப்பும் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், குதிரையிலும் கால்நடையாகவும் காடுமேடெல்லாம் சுற்றி எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் பின்னாளில் நூலாகவே வந்தன. எங்கே போனார், யாரைக் கண்டார், என்ன செய்தார் என்பதை அந்த நாட்குறிப்பு சொன்னது. ஒரு பயணத்தின் உண்மையான சான்று அதன் பயன்தான். முன்பள்ளிக்குப் போனவர் அன்று எத்தனை பிள்ளைகளைக் கண்டார் என்று எழுதினால், உழவு இயந்திரத்தின் பற்றுச்சீட்டை விட அதுவே பெரிய சாட்சி. பொய்யானால் முன்பள்ளி ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டால் வெளிச்சமாகிவிடும்.

இனி, இதைவிடக் கசப்பான ஒரு விடயம். அந்தப் பெண் பணியாளர் எனக்கு ஓர் அப்பியாசக் கொப்பியைக் காட்டினார். கைக்காசு போட்டுச் செய்த பயணங்கள், திரும்பி வந்த தொகை, வரவேண்டிய தொகை எல்லாம் அதில் இருந்தன. அவர் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மூன்று மாதக் கணக்கு நிலுவையில் கிடந்ததாம். இடையில் பஸ்சுக்குக் காசில்லாமல் காதுத் தோட்டை அடகு வைத்தாராம். அடகுக்குக் கட்டிய வட்டியை அந்தக் கொப்பியின் எந்தப் பத்தியில் எழுதுவது? எந்த நிறுவனம் அதை மீளளிக்கும்?

பணியாளர் முதலில் செலவழித்து, நிறுவனம் பிறகு கொடுக்கும் முறையை நாம் இயல்பானதாக எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு கடன். கொடுப்பவர் மிகக் குறைந்த சம்பளம் பெறுபவர். வாங்குபவர் வங்கிக் கணக்கும் கட்டடமும் வாகனமும் உள்ள நிறுவனம். வட்டியில்லாக் கடன்; தவணையும் இல்லை. கேட்டால் கேட்டவர்தான் கூச்சப்பட வேண்டும்.

2022ஆம் ஆண்டு இந்தக் கடன் எவ்வளவு பாரமாகும் என்பதைக் காட்டியது. ஆண்டு பிறந்தபோது 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஜூன் மாத இறுதியில் 470 ரூபா. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் மாதம் 600 கிலோமீற்றர் அலையும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 15 லீற்றர் தேவை. ஜனவரியில் 2,655 ரூபா. ஜூன் இறுதியில் 7,050 ரூபா. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று முந்திய ஆண்டில் எழுதிய வீதத்தை ஒரு நிறுவனம் மாற்றாமல் விட்டிருந்தால், வேறுபாடான 4,395 ரூபா பணியாளரின் அடுப்பிலிருந்து போனது என்று பொருள். பின்னர் ஜூலையில் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றானபோது, அதே வண்டி வாரத்தில் 160 கிலோமீற்றருக்கு மேல் ஓட முடியாது என்ற நிலை. எத்தனை கிராமங்களுக்கு அந்த நாள்களில் எவருமே போகவில்லை என்பதைப் படுவான்கரை மக்கள் அறிவார்கள்.

எனவே, உன்னிச்சையிலிருந்து திரும்பும் வழியில் மருமகனுக்கு நான் சொன்னவற்றை இங்கேயும் சொல்கிறேன்.

முதலாவது, முற்பணம். மாதத் தொடக்கத்தில் ஒரு நிலையான தொகை பணியாளர் கையில் இருக்கட்டும். செலவானதை மட்டும் மாத முடிவில் நிரப்பிவிடுங்கள். சில்லறைக் காசேடு எழுதிய எவருக்கும் தெரிந்த பழைய முறைதான். அடகுக்கடைக்குப் போகும் வேலை மிச்சமாகும்.

இரண்டாவது, ஊர்களுக்கிடையிலான தூரத்தை ஒருமுறை அளந்து அட்டவணையாக மென்பொருளிலேயே வைத்துவிடுங்கள். தூரத்தைக் கூட்டி எழுதும் சந்தேகமும் தீரும். ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லும் அவமானமும் தீரும்.

மூன்றாவது, எரிபொருள் வீதத்தை நிரலுக்குள் புதைக்காமல், நடைமுறைக்கு வந்த திகதியோடு தனி அட்டவணையில் எழுதுங்கள். விலை மாறினால் வீதமும் மாறட்டும். பழைய பயணங்களுக்குப் பழைய வீதமே நிற்கட்டும்.

நான்காவது, பற்றுச்சீட்டு கிடைக்காத செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, பணியாளரின் சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள். இடைக்கிடையே சிலவற்றைத் தெரிந்தெடுத்து விசாரித்துப் பாருங்கள். பொய் சொன்னவரைத் தண்டியுங்கள். பொய் சொல்லாதவரைப் பொய் சொல்லத் தூண்டாதீர்கள்.

ஐந்தாவதே எனக்கு முக்கியமானது. கணக்கு யார் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை அந்தத் திரை எல்லோருக்கும் காட்ட வேண்டும். செலவு செய்தவரை மட்டும் கண்காணிக்கும் கருவி அரைக் கருவி. கொடுக்க வேண்டியவரையும் அது கண்காணிக்கட்டும். வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் அனுப்பும் முறை இந்த நாட்டில் 2015 முதல் இருக்கிறது. ஆகவே, ஒரு மாதத் தாமதத்திற்குத் தொழில்நுட்பத்தைக் குற்றம் சொல்ல எவருக்கும் வழியில்லை.

மருமகன் கேட்டுக்கொண்டே வந்தான். “மாமா, கடைசியில சொன்னதை மேலிடம் விரும்பாது” என்றான்.

“அதனாலதான் சொல்றன்” என்றேன்.

அவன் இரண்டு கிழமைகளில் திருத்தி அனுப்பினான். தூர அட்டவணையும் வீத அட்டவணையும் வந்துவிட்டன. சிவப்புத் திரை போய், “பற்றுச்சீட்டு இல்லை, காரணம் எழுதுக” என்ற ஒரு வரி வந்திருக்கிறது. முற்பணத்தைப் பற்றி நிறுவனம் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறதாம். மேசையில் கிடக்கும் நாளை எண்ணும் பகுதியை எழுதி முடித்துவிட்டான். அதைத் திறந்துவிட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

அந்த அனுமதி யார் மேசையில், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அவனிடம் கேட்டேன். அதை எண்ணத்தான் இன்னும் கருவி இல்லையே என்றான்.