ரத்தத்தில் நார்மல், எலும்பில்?

போன மாதம், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 74. பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தலைமாட்டில் மூன்று வருட மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டுகள்.

"பாருங்க சார், கால்சியம் 9.4. மூணு வருஷமும் நார்மல். அப்புறம் எப்படி சார் ஒடியும்?" என்றார்.

பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பேக்கேஜை விற்றவர்கள். அவர்கள் சொல்லப் போவதில்லை. நான் டாக்டர் இல்லை. வங்கியில் கேஷ் கவுண்டர் பார்த்தவன். ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளிதான். அந்தத் துளி குறைந்தால் தசையும் இதயமும் தடுமாறும். அதனால் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பாராதைராய்டு சுரப்பிகள் காவல் இருக்கின்றன. ரத்தத்தில் கொஞ்சம் இறங்கினால் போதும், எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். கவுண்டரில் பணம் குறைந்தால் ஸ்ட்ராங் ரூமிலிருந்து எடுத்து வைப்போமே, அதே கதை. கவுண்டரில் பணம் இருக்கிறது என்பதற்காக ஸ்ட்ராங் ரூமும் நிறைந்திருக்கிறது என்று எந்த மேனேஜராவது கையெழுத்துப் போடுவாரா? லேப் ரிப்போர்ட்டில் மட்டும் 'நார்மல்' என்று போட்டு நம்மைத் தூங்க வைக்கிறார்கள்.

இப்போது ஆஸ்டியோகால்சின், சி.டி.எக்ஸ் என்று புதுப் பெயர்களும் வந்துவிட்டன. எலும்பு எந்த வேகத்தில் கட்டப்படுகிறது, எந்த வேகத்தில் கரைகிறது என்று காட்டுபவை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டருக்கு உதவும். எவ்வளவு எலும்பு மிச்சம் என்று சொல்லாது. சி.டி.எக்ஸ் பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். காபி, இட்லி முடித்துவிட்டுப் போனால் அளவு இறங்கிக் காட்டும்.

ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிவதும் அப்படித்தான். சுவர் கல்லாகிக்கொண்டிருக்கும்போதும் ரத்தத்தில் கால்சியம் 9.4 என்றே இருக்கலாம். இதயக் குழாயில் படிந்ததைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். படியாமல் தடுக்கும் மேட்ரிக்ஸ் கிளா புரோட்டீன் என்று ஒன்று உண்டு. வைட்டமின் கே இருந்தால்தான் அது வேலை செய்யும். அதை ரத்தத்தில் அளக்கலாம் என்றாலும் அது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கல்ல.

'நார்மல்' பார்த்துத் தூங்குகிறவர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கால்சியம் மாத்திரையைக் கடலைமிட்டாய் போல வாயில் போட்டுக்கொள்கிறவர். வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை இரண்டு வருடமாகச் சாப்பிடும் ஒருவர் எங்கள் வாக்கிங் கோஷ்டியில் இருக்கிறார். வைட்டமின் டி மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னியைக் கெடுக்கும்.

என் நண்பர் ஆஸ்துமாவுக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். ஸ்டீராய்டு எலும்பைத் தின்னும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். மூன்று செக்கப்பிலும் அதை ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். உயரம் குறைந்திருக்கிறதா என்றும் அளக்கவில்லை. டெக்ஸா ஸ்கேன் என்ற பேச்சே எழவில்லை. இத்தனைக்கும் 70 தாண்டிய ஆண்களுக்கு அந்த ஸ்கேன் எடுக்கச் சொல்லி அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2012-லேயே எழுதிவிட்டது. எலும்புத் தேய்மானம் பெண்களுக்கு வருவது என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். ஆனால் இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் இறந்து போகிறவர்கள் பெண்களைவிட ஆண்களில்தான் அதிகம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, டாக்டரிடம் நானே கேட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு டெக்ஸா எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மேடம் வரலையா சார்?"