அடிக்காமல் பழகிய மணி

எங்கள் நாய்க்குட்டி மணிக்கு மூன்று மாதம். வந்த நாள் முதல் கூடத்திலேயே ஒன்றுக்குப் போகும். "ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் கொண்டுபோய் விட்டுடு" என்று மாமியார் கெடு வைத்துவிட்டார். சின்னவள் ஒரே அழுகை. நானும் இரண்டு அடி போட்டேன். பலன்? என்னைக் கண்டாலே மணி கட்டிலுக்கடியில் ஒளிந்தது!

கால்நடை மருத்துவர் சொன்னார்: "எப்பவோ செஞ்சதுக்கு இப்ப அடிச்சா அதுக்குப் புரியாதும்மா. சரியாச் செஞ்ச உடனே ஏதாவது கொடுங்க."

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். நடுவில் இரண்டு மணிக்கு ஒரு தடவை. போய் முடித்த கையோடு, அங்கேயே, "சபாஷ் மணி!" என்று கடலையளவு அவித்த முட்டை. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், எதற்கென்று அதற்குத் தெரியாது. உள்ளே தவறினால் திட்டாமல் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தேன். வாடை இருந்தால் மறுபடி அதே இடத்தைத் தேடி வருமே!

ஒரு வாரத்தில் ஈரம் பாதியாகக் குறைந்தது, கெடுவும் தள்ளிப்போனது. மூன்றாம் வாரம் மணி தானாகவே கொல்லைக் கதவைப் பிறாண்டியது. "கதவைத் திறம்மா, மணி கூப்பிடறான்!" என்று குரல் கொடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்தான்!