ஓடுகிற வண்டியை விற்க வேண்டுமா?

“ஓடுற வண்டியை எதுக்குடா விக்கணும்?”

போனில் சித்தப்பாவுக்குக் கோபம். ரிட்டயர்மென்ட் பணத்தில் அவர் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. ‘விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்துவிட்டது’ என்று திரையில் அறிவிப்பு வர, கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். “இனிமே வேலைக்கு ஆகாது சார், புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டாராம்.

உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். பதற வேண்டாம்.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். நின்றுபோனது, மாதாமாதம் இலவசமாக வந்த பாதுகாப்பு அப்டேட். இனி புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அடைக்க ஆள் வராது.

அடைக்காவிட்டால் என்ன ஆகும்? 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஆபரேஷன்களையே தள்ளிவைத்தன. அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

“சரி சித்தப்பா, அதுல என்னல்லாம் பண்றீங்க?” என்று கேட்டேன்.

“பழைய பாட்டு கேப்பேன். பேரன் போட்டோ எல்லாம் இருக்கு. அப்புறம் பென்ஷன், எஃப்.டி., பேங்க் வேலை...”

பாட்டும் போட்டோவும் மட்டும் என்றால் இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டு நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். பேங்க் கணக்கைத் திறக்கிற கம்ப்யூட்டருக்கு அது சரிப்படாது. அவருக்கு மூன்று வழிகள் சொன்னேன்.

முதல் வழி: கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்ப்பது. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச ஆப் சொல்லிவிடும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சில கம்ப்யூட்டர்களில் அந்த வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். புதுசு வாங்கும் முன் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது: கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம். 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். ‘செட்டிங்ஸ்’ போய், ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய சம்மதித்தால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம்.

மூன்றாவது: ‘லினக்ஸ் மின்ட்’. முழுக்க இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் டேலி மாதிரி விண்டோஸுக்கென்றே வந்த மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடாது.

எந்த வழியில் போனாலும், முதலில் போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். பேரனின் முதல் பிறந்தநாள் போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தேறவில்லை. கூடுதல் அப்டேட் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். செலவு, ஒரு ஹார்டு டிஸ்க் மட்டும். அந்தத் தேதிக்குள் லினக்ஸா, புதுசா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

“அப்போ வண்டிக்கு எஃப்.சி. வாங்கியாச்சுன்னு சொல்லு” என்றார்.

“ஆமா சித்தப்பா. ஆனா எஃப்.சி.க்குத் தேதி இருக்கு, மறந்துடாதீங்க.”