கைபேசிக் குழு அறிவிப்புப் பலகை அல்ல

கூட்டாகத் தொழில் செய்வோரிடையே பேச்சு எவ்வளவு வெளிப்படையாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கூட்டு உறுதிப்படும். உழவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. முறை வைத்து ஏரித் தண்ணீர் பாய்ச்சும் ஊர்களில், யாருடைய முறை எப்போது, எவ்வளவு நேரம் என்பது ஆயக்கட்டு முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் வரப்பில் சண்டை வரும்.

இன்று அந்தப் பேச்சு கைபேசிக்கு வந்துவிட்டது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவும் உறுப்பினர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு நடத்தி வருகின்றன. ஆனால் அந்தக் குழுக்களில் பல வெறும் அறிவிப்புப் பலகையாகவே இருக்கின்றன. கூட்டம் எப்போது, உரம் வந்ததா, பங்குத் தொகையை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்ற செய்திகள் மேலிருந்து கீழே வருகின்றன. இவற்றுக்கிடையே காலை வணக்கப் படங்களும் எங்கிருந்தோ வந்த செய்திகளும் நிறைகின்றன. விலை என்ன பேசப்பட்டது, யாரிடம் சரக்கு இருக்கிறது, யார் வயலில் என்ன நோய் என்பன போன்ற தொழில் பேச்சோ இரண்டு மூன்று பேருக்குள் தனியாக முடிந்துவிடுகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும். மாற வேண்டிய காரணத்தை அலுவலகங்களில் நடந்த ஆராய்ச்சி தெளிவாகவே காட்டுகிறது.

பெரிய நிறுவனத்தில் கண்ட உண்மை

அமெரிக்காவில் பால் லியோனார்டி என்ற ஆராய்ச்சியாளர், நிதித் தொழில் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றில் நடத்திய ஆய்வின் முடிவு 2015-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவுக்கு, ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சமூக ஊடகம் தரப்பட்டது. முகநூலைப் போன்ற அமைப்புடைய அதனை நிறுவனத்தார் மட்டுமே பயன்படுத்த முடியும். மற்றொரு பிரிவுக்கு அது தரப்படவில்லை. ஆறு மாதம் கழித்து இரு பிரிவினரையும் ஒப்பிட்டார்கள்.

எந்த வேலையில் யாருக்கு அறிவு உண்டு என்று சரியாகச் சொல்லும் திறன், ஊடகத்தைப் பயன்படுத்திய பிரிவில் 31 சதவீதம் உயர்ந்திருந்தது. யாருக்கு யாரைத் தெரியும், யார் மூலம் யாரை அணுகலாம் என்று சொல்லும் திறன் 88 சதவீதம் உயர்ந்திருந்தது. மற்றப் பிரிவில் இத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த அறிவு பயிற்சி வகுப்பினால் வந்ததன்று. இருவர் தங்கள் வேலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டதை மூன்றாமவர் பார்த்துக்கொண்டே இருந்ததனால் வந்தது. இன்று ஒரு கேள்வி, நாளை ஒரு பதில் என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த அறிவு அது. ஒருவர் செய்து முடித்த வேலையையே இன்னொருவர் தெரியாமல் மறுபடி செய்யும் வீண் உழைப்பும் இதனால் குறைகிறது என்பதை லியோனார்டியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது.

ஆகவே, குழு இருப்பதனால் மட்டும் பயன் வந்துவிடாது. அன்றாடத் தொழில் பேச்சு எல்லோர் கண்ணிலும் படும்படி நடந்தால்தான் பயன் வரும். அது ஓர் அலுவலகத்தில் கண்ட முடிவு என்பதும், மாதச் சம்பளக்காரர்களின் நிலைமையும் மானாவாரி உழவரின் நிலைமையும் வேறு என்பதும் உண்மையே. எனினும், யாருக்கு என்ன தெரியும் என்று அறியாமல் கூட்டுத் தொழில் நடத்த முடியாது என்பது இரு இடத்துக்கும் பொதுவானது.

வயலுக்கு இது எப்படிப் பொருந்தும்?

அமெரிக்கப் படைப்புழு 2018-ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழக மக்காச்சோள வயல்களிலும் புகுந்துவிட்டது. புழுவின் தலையில் தலைகீழாக எழுதிய 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தைப் போன்ற கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழு என்று அறியலாம். குருத்துக்குள் இளம் புழுவாக இருக்கும்போது கட்டுப்படுத்துவது எளிது. வளர்ந்துவிட்டால் செலவும் சேதமும் மிகுதி.

இப்படிப்பட்ட பூச்சியை ஓர் உழவர் தம் வயலில் கண்டு, படம் எடுத்து, தமக்குத் தெரிந்த கடைக்காரருக்கு மட்டும் அனுப்பினால் அது ஒரு வயலின் செய்தியாக முடிந்துவிடும். அதே படத்தைக் குழுவில் போட்டு, வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறையிலோ கேட்டு உறுதி செய்த விவரத்தையும் அதன் கீழேயே எழுதினால், அன்று மாலையே பத்துப் பேர் தங்கள் வயலில் குருத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். அடுத்த பருவத்தில் இதே ஐயம் வரும்போது யாரைக் கேட்பது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

உழவர் கண்ணால் கண்டதை நம்புவார். அதிலும் தம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டியதை அதிகம் நம்புவார். பெங்களூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. அந்தந்தப் பகுதி உழவர்களையே படம் பிடித்து, அதனைச் சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டி, ஒருவர் உடனிருந்து விளக்கினார். கர்நாடகத்தின் 16 கிராமங்களில் நடந்த ஆய்வில், வழக்கமான பயிற்சி முறையைக் காட்டிலும் இம்முறையில் சில சாகுபடி நுட்பங்களைக் கடைப்பிடித்தோர் எண்ணிக்கை ஏழு மடங்கு ஆயிற்று. அங்கே படம் மட்டும் வேலை செய்யவில்லை. உள்ளூர் முகமும், கூடியிருந்து பேசிய பேச்சும் சேர்ந்தே வேலை செய்தன.

விலைப் பேச்சே உரைகல்

பூச்சியைப் பற்றிப் பேசுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. விலையைப் பற்றிப் பேசுவதில்தான் கூட்டு உறுதியானதா என்பது தெரியவரும்.

செய்தி தெரிந்தால் வருமானம் எப்படி மாறும் என்பதற்குக் கேரளக் கடற்கரை ஒரு சான்று. அங்கே 1997 முதல் 2001 வரை படிப்படியாகக் கைபேசிச் சேவை வந்தது. அதற்கு முன், ஒரு துறையில் மத்தி மீன் வாங்க ஆளின்றிக் கடலில் கொட்டப்பட்டபோது, சற்றுத் தொலைவில் உள்ள மற்றொரு துறையில் மீன் கிடைக்காமல் வாங்க வந்தவர் திரும்பிப் போனார். பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை இவ்வாறு வீணாயிற்று. கைபேசி வந்தபின், கரை சேருமுன்பே எந்தத் துறையில் என்ன விலை என்று மீனவர்கள் கேட்டறிந்தார்கள். வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் இலாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலார் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இந்த விவரங்கள் உள்ளன.

அந்த மீனவர்கள் தனித்தனியே விசாரித்துத் தனித்தனியே விற்றவர்கள். உழவர் நிறுவனமோ சேர்ந்து விற்பதற்காகவே ஏற்பட்டது. அதற்கு விலைச் செய்தி இன்னும் இன்றியமையாதது. பத்து உழவர்களிடம் ஆளுக்குப் பத்துக் குவிண்டால் மக்காச்சோளம் இருந்தால் அது பத்து டன். ஒரு லாரிச் சுமை. ஆனால் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, எந்த அளவு காய்ந்திருக்கிறது என்பது ஒருவருக்கொருவர் தெரியாவிட்டால், பத்துப் பேரும் பத்து வியாபாரிகளிடம் தனித்தனியே விலை கேட்டு நிற்பார்கள்.

விற்ற பிறகு கணக்கை மறைப்பது அதனினும் பெரிய கேடு. என்ன விலைக்குப் போயிற்று, ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், ஏற்றுகூலி, லாரி வாடகை எவ்வளவு, நிறுவனம் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் சந்தேகம் முளைக்கும். சந்தேகம் வந்த உறுப்பினர் அடுத்த அறுவடையைச் சொல்லாமல் கொள்ளாமல் மண்டிக்கு அனுப்பிவிடுவார். சரக்கு வராத நிறுவனம் பெயரளவில்தான் இருக்கும். உறுப்பினர் கட்டிய பங்குத் தொகை முடங்கிப் போகும்.

விலையை வெளிப்படையாகப் பேசினால் வியாபாரிக்குத் தெரிந்துவிடும் என்று இயக்குநர்கள் சிலர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பேரம் நடக்கும்போது, எந்த விலை வரை இறங்கலாம் என்ற முடிவை விற்பனைக் குழு தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேரம் முடிந்தபின் உறுப்பினரிடம் மறைப்பதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது. தனி உழவர்களை உறுப்பினராகக் கொண்ட உற்பத்தியாளர் நிறுவனத்தில், பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே சட்டம். விவரம் தெரியாதவரின் வாக்கு இருந்தும் பயன் என்ன?

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

இதே ஆராய்ச்சி சில எச்சரிக்கைகளையும் தருகிறது. லியோனார்டியும் செடல் நீலி என்பவரும் சேர்ந்து செய்த ஆய்வில், வேலை சாராத பேச்சு ஊழியர்களை ஊடகத்தின் பக்கம் இழுத்ததையும், ஒருவரை அணுகிக் கேட்கலாம் என்ற நம்பிக்கையை வளர்த்ததையும் கண்டார்கள். பிறகு அதே பேச்சு மனக்கசப்பையும் உண்டாக்கிச் சிலரை ஒதுங்கச் செய்தது. ஆகவே நல்லது கெட்டது விசாரிப்பதைக் குழுவில் அடியோடு தடுப்பதும் சரியன்று. சாதி, கட்சிப் பேச்சுக்கு இடம் கொடுப்பதும் சரியன்று.

அதிகம் பேசுபவர் அதிகம் தெரிந்தவர் என்று எண்ணிவிடுவதும் தவறு. நாற்பது ஆண்டுகளாக விதை எடுத்து வைக்கும் மூதாட்டி கைபேசியில் ஒரு வார்த்தையும் எழுதாமல் இருக்கலாம். பூச்சிமருந்தின் பெயரையும் அளவையும் குழுவில் யாரோ சொன்னார் என்பதற்காகத் தெளிப்பது பயிருக்கும் உடலுக்கும் கேடு. மருந்து விஷயத்தில் சிட்டையில் அச்சிட்டுள்ள பயிர், அளவு, காத்திருப்புக் காலம் ஆகியவையும் அலுவலர் பரிந்துரையுமே முடிவானவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கைபேசி வசதி இல்லாதவரை மறக்கக் கூடாது. பெண்கள், முதியோர், குத்தகை உழவர் பலரிடம் சாதாரணக் கைபேசியே இருக்கும். குழுவிலேயே எல்லாம் பேசி முடித்தால், அவர்கள் பங்குதாரராக இருந்தும் வெளியாட்களே ஆவார்கள்.

செய்ய வேண்டியவை

1. சிறு குழுவிலிருந்து தொடங்க வேண்டும். தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் 20 பேர் கொண்ட ஆர்வலர் குழு, 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதன் மேல் நிறுவனம் என்ற வரிசையில் அமைந்தது. கைபேசிக் குழுவுக்கும் இந்த வரிசையே ஏற்றது. ஆயிரம் பேரை ஒரே குழுவில் அடைக்க வசதி உண்டு என்றாலும், ஆயிரம் பேர் நடுவே சிறு உழவர் வாய் திறக்க மாட்டார். 20 பேருக்குள் திறப்பார்.

2. தொழில் கேள்விகளைத் தனியாகக் கேட்காமல் குழுவில் கேட்கும் பழக்கத்தை இயக்குநர்களே தொடங்கி வைக்க வேண்டும். தனியாக வந்த நல்ல கேள்வியையும், கேட்டவர் சம்மதத்துடன், குழுவிலேயே பதிலோடு போட வேண்டும். எழுதத் தயங்குவோர் குரல் பதிவாகச் சொல்லலாம்.

3. ஒவ்வொரு விற்பனைச் சீட்டையும் கணக்கையும் அன்றே படம் எடுத்துப் போட வேண்டும்.

4. ஒவ்வொரு 20 பேருக்கும் ஒருவர் பொறுப்பேற்று, கைபேசி இல்லாத உறுப்பினர்களிடம் செய்தியை நேரில் சொல்லி, அவர்கள் சொல்வதைக் குழுவில் சேர்க்க வேண்டும். இப்பொறுப்பில் பெண்களும் இருப்பது நலம்.

5. குழுவில் பேசியது தீர்மானம் ஆகாது. முடிவுகளைக் கூட்டத்தில் வைத்து, நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். கைபேசி தொலைந்தால் செய்தியும் தொலையும், குறிப்பேடு நிற்கும்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. இயக்குநர்களுக்கு வேண்டியது வெளிப்படையாகப் பேசும் மனம். உறுப்பினர்களுக்கு வேண்டியது கேட்கும் துணிவு. வரும் மாதக் கூட்டத்தில், சென்ற விற்பனையின் கணக்கைக் குழுவில் போடும்படி ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் அதுவே நல்ல தொடக்கம். அப்படிக் கேட்பவரைக் குறை சொல்பவராக எண்ணாமல், நிறுவனத்தைத் தம்முடையதாக நினைப்பவர் என்று இயக்குநர்கள் கருதினால் கூட்டு நிலைக்கும்.